இடமிருந்து வலம்

"உம்மா, சீக்கிரம் சொல்லுங்க! மணி பிடிக்காத நெல்லுக்கு மூணெழுத்துல என்ன பேரு? எட்டு மணிக்குள்ள அனுப்பலேன்னா சந்தேகம் வந்துடும்!" கைப்பேசியோடு அடுப்படிக்கு ஓடி வந்தாள் ரிஃப்கா.

"பதர். யாரு கேக்குறது?" என்றாள் ஆமினா.

"கோவிந்தராசு மாமாதான். இன்னைக்குக் குறுக்கெழுத்துல அது ஒண்ணுதான் பாக்கியாம்."

திருக்காட்டுப்பள்ளி கோவிந்தராசுவும் ரிஃப்காவின் தந்தை முத்துப்பேட்டை லியாகத் அலியும் பதினைந்து வருட நண்பர்கள். தினமும் காலையில் தனக்குப் பிடிபடாத விடையைக் கோவிந்தராசு வாட்ஸ்அப்பில் கேட்பார், லியாகத் சொல்வார். கோவிந்தராசுவுக்குக் காது கேட்காது என்பதால் பேச்செல்லாம் எழுத்தில்தான்.

லியாகத் காலமாகி மூன்று மாதமாகிறது. இதய நோயாளியான நண்பர் தாங்க மாட்டார் என்று, வாப்பாவின் கைப்பேசியிலிருந்து ரிஃப்காவே பதில் அனுப்பி வந்தாள்.

ஆமினா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்டி, கடைக்காரர் பொண்டாட்டி எனக்கே தெரியுது. பத்து ஏக்கர் நடவு போடுற மனுசன் இதைக் கேட்பாரா?"

ரிஃப்கா கேள்வியை மறுபடி படித்துப் பார்த்தாள். "மறதி ஏதும் வந்துடுச்சோ?"

"போன் போடு. வீட்ல யாராச்சும் எடுப்பாங்க. பொய் சொன்னது போதும்."

ஒரு பெண் எடுத்தாள். "கோவிந்தராசு மருமக அனுராதா பேசுறேங்க."

"நான் லியாகத் அலி மக. மாமாவுக்கு உடம்பு எப்படி இருக்கு? பதரையே மறந்துட்டாங்களேன்னு பயமா இருக்கு."



"நான் சென்னையில வளந்தவங்க. வயல் வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியாது."

"அப்ப கேக்குறது நீங்களா?"

"உங்க அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க," என்று அனுராதா உடைந்து அழுதாள். "மாமா போய் நாலு மாசமாச்சு."