முன்னாள் மேயரின் வலது கால்

"நொண்டு வாரன், நொண்டு! பந்தயக் குதிரை மாதிரி நடந்து வந்தா உனக்கு எவ அட்டை குடுப்பா?"

கிளினிக் வாசலில் மனைவி நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். முர்ராபில் ஊரின் முன்னாள் மேயர் வாரன் பாஸ்கோ, எழுபத்தெட்டு வயதிலும் மிடுக்குக் குறையாதவர், உடனே வலது காலை இழுக்க ஆரம்பித்தார்.

அவருக்கு வேண்டியது மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை. புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப் வாசலில் நீலக் கோடு போட்ட அந்த ஒரே இடம்தான் நிழலில் இருக்கிறது. மெர்வ் என்கிற ஓய்வு பெற்ற தபால்காரர், இடுப்பு ஆபரேஷனைக் காட்டி அட்டை வாங்கி, தினமும் அங்கே நிறுத்துகிறார். கிளப்பின் தலைவரான வாரனோ கடைசி வரிசையிலிருந்து வெயிலில் நடந்து வர வேண்டியிருக்கிறது. ஜனநாயகத்தில் இதைவிட அநியாயம் உண்டா?

ஒரே ஒரு சங்கடம். "பொய் சொல்லி நீல அட்டை வாங்குறவன், சக்கர நாற்காலியைத் திருடுறவன்!" என்று இதே வாரன் மேயராக இருந்தபோது சபையில் முழங்கியது, உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு வந்திருந்தது. இன்று மாட்டிக்கொண்டால் அதே படத்தையே மறுபடி போட்டுவிடுவார்கள்.

"பழைய டாக்டரா இருந்தா கிளப்புல ஒரு பீரோட முடிஞ்சிருக்கும். இவ புதுசு. சட்டம் பேசுவாளோ என்னவோ."

"நீ எதுவும் பேசாதே. வலிக்குதுன்னு மட்டும் சொல்லு. ஃபாரம் எல்லாம் நான் எழுதிட்டேன். இங்க கையெழுத்துப் போடு."

போட்டார். படித்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டே ஊரை ஆண்டவர் அவர்.

டாக்டர் லின்னுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"உள்ள வாங்க, வாரன்."

"மேயர் பாஸ்கோன்னுதான் ஊர்ல கூப்பிடுவாங்க."

"சரி வாரன், உட்காருங்க." ஃபாரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "வலது காலால என் கையை அழுத்துங்க. முழு பலத்தோட."

பூவை மிதிப்பதுபோல அழுத்தினார்.

"அவ்வளவுதானா?"

"இதுக்கே உயிர் போகுது டாக்டர்."

அவள் நெற்றியைச் சுருக்கி எதையோ குறித்துக்கொண்டாள். வாரனுக்குக் காலரின் உள்ளே வியர்த்தது.

"கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாருங்க."

துருப்பிடித்த குழாய்போலக் கழுத்து அரை அங்குலம் திரும்பி நின்றது.

"சுவத்துல இருக்கிற எழுத்தை வாசிங்க."

காலுக்குக் கேட்கிற அட்டைக்குக் கண் எதற்கு? வாரன் நோரீனைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள். சரி, நோய் கூடினால் அட்டையும் கெட்டியாகும்.

"எழுத்தா? சுவரே மங்கலாத்தான் தெரியுது."

டாக்டரின் பேனா மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. பழக்க தோஷத்தில் வாரன் சட்டென்று எழப் பார்த்தார். நோரீன் அவர் பாதத்தை ஒரே மிதி மிதித்தாள்.

"ஐயோ!"

அன்று அவர் போட்ட சத்தங்களில் அது ஒன்றுதான் அசல்.

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு அவரையே உற்றுப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. எதையும் கூட்டிச் சொல்லலையே?"

வாரனின் கண்ணுக்குள் அந்தப் பத்திரிகைப் படம் வந்து போனது. பாதியில் நின்றால் மானம் போய்விடும். ஒரே தாவாகத் தாவினார்.

"கூட்டியா? குறைச்சுல்ல சொல்லிட்டிருக்கேன்! திடீர்னு கண்ணு இருட்டிக்கிட்டு வரும். எங்க இருக்கேன்னே ரெண்டு நிமிஷத்துக்குத் தெரியாது."

நோரீன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன நடிப்பு என்று வாரன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

டாக்டர் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். வாரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"உங்களுக்குப் பெரிய மனசு, வாரன்." எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினாள். "எழுபத்தஞ்சு தாண்டினவங்க லைசென்ஸைக் காப்பாத்திக்க இந்த நாற்காலியில உட்கார்ந்து பொய்யாத்தான் சொல்வாங்க. இனிமே வண்டி ஓட்ட முடியாதுன்னு தானா வந்து ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான். ஃபாரம் இன்னிக்கே லைசென்ஸ் ஆபீசுக்குப் போயிடும்."

வாரன் வாயைத் திறந்தார். சொன்னதெல்லாம் பொய் என்று சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் நாளைக்கே அந்தப் பழைய படம் பத்திரிகையில் வந்துவிடும்; வாயை மூடிக்கொண்டார்.

"மெதுவா எழுந்திரு, மேயர்." நோரீன் அவர் கையைத் தாங்கிப் பிடித்தாள். "போன வாரம் நீ வண்டி ஓட்டறப்ப, ஸ்கூல் வாசல்ல ரோடு தாண்டின அந்தச் சின்னப் பொண்ணை நீ பார்க்கவே இல்ல. இனிமே நான் ஓட்டறேன்."