மீன் மருந்தில் ஒரு போத்தல் தயிர்

“ஐயோ, என்ர முதுகு...”

கணேசலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜின் முன்னால் குனிந்தபடி நின்றார். நிமிர முடியவில்லை. முதுகை விடப் பெரிய வலி ஒன்று கண்ணுக்கு நேரே தொங்கியது. சுவரிலிருந்து கழற்றிவிட்ட ஃபிரிட்ஜ் பிளக்.

“என்னண்ணை, விடியவே அழுறியள்?” வலை கழுவிக்கொண்டிருந்த பற்றிமா ஈரக் கையோடு வந்தாள்.

“வெள்ளிக்கிழமை நான்தான் பிள்ளை கழட்டினனான். முதுகுக்குச் சூடு பிடிக்கிற பட்டியைக் கொழுவ வேற இடமில்லை. திருப்பி மாட்ட மறந்துபோனன்.”

பற்றிமா ஃபிரிட்ஜைத் திறந்தாள். வெக்கை முகத்தில் அடித்தது. சனியும் ஞாயிறும் அடித்த மெல்பேர்ன் வெயிலில் தகரக் கூரை வெந்திருந்தது. நடுத்தட்டில் ஒரே ஒரு வெள்ளை டின்.

“மீனுக்கெண்டு வந்த நல்ல பக்டீரியா எல்லோ இது?”

“அதுதானே! இண்டைக்குத் தீனியில கலக்க டொக்டர் தாரிணி வாறா.”

மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் ஒரு பழைய வேர்ஹவுஸுக்குள் தொட்டி கட்டிக் கொடுவா மீன் வளர்க்கிற பண்ணை அது. போன மாதம் நோய் வந்து, ஒரு தொட்டி மீன் முழுக்க வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மருந்து போட்டும் கேட்கவில்லை. மீன்களுக்குப் பொறுப்பான ஆராய்ச்சிக்காரி தாரிணிதான் இந்தத் தூளைத் தேடிப் பிடித்தாள். இதைத் தின்றால் மீனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வரும் என்றாள். இதுவும் சரிவராவிட்டால் முதலாளி பண்ணையைப் பூட்டிவிடுவார் என்றும் சொல்லியிருந்தாள்.

பூட்டினால் கணேசலிங்கத்தின் கதை முடிந்தது. தீனி மூட்டை சுமந்து சுமந்து போன முதுகு அது. வலியை அவர் மேலிடத்தில் ஒருவருக்கும் காட்டியதில்லை. முதுகு போனவனை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்?

“ஒருக்கா மணந்து பார், பிள்ளை.”

பற்றிமா டின்னைத் திறந்து மூக்கருகே பிடித்தாள். “ஒரு மணமும் இல்லை.”

“அப்ப சாகேல்லை. செத்தா நாறும்தானே?”

“நாறுறது மீன் செத்தா அண்ணை. பக்டீரியா செத்தா ஆருக்குத் தெரியும்?”

கணேசலிங்கம் கொஞ்சம் யோசித்தார். “உன்ர சாப்பாட்டுப் பையில தயிர் இருக்கோ?”

“இருக்கு. ஏன்?”

“தயிரில இருக்கிறதும் நல்ல பக்டீரியாதானே. ஒரு கரண்டி உறை விட்டா, விடியிறதுக்குள்ள ஒரு சட்டிப் பால் உறையுது. இதுக்குள்ள விட்டா இதுவும் திரும்பப் பெருகும்.”

“உங்களுக்கு முதுகு மட்டுமில்லை, தலையும் கழண்டுபோச்சு.”

சொல்லிக்கொண்டே தயிர்ப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள். கணேசலிங்கம் ஒரு கரண்டி விட்டார். போதாது போலிருந்தது. போத்தலையே கவிழ்த்தார்.

“அண்ணை! அது என்ர மத்தியானச் சாப்பாடு!”

“நாளைக்கு வேற தாறன். கத்தாதை.”

வெளியே கார் வந்து நின்றது. நகரத்தின் மறுகோடி பொயிண்ட் குக்கிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டி வந்த தாரிணி, வந்த வேகத்திலேயே டின்னைத் திறந்து பார்த்தாள்.

“என்ன இது? யாரு இதுல தோசைமாவு கரைச்சு வச்சது?”

பற்றிமா கூரையைப் பார்த்தாள். கணேசலிங்கம் கரண்டியைக் கீழே வைத்தார். மறைத்து என்ன பயன்? பிளக்கைச் சொன்னார், முதுகைச் சொன்னார், தயிரையும் சொன்னார்.

“பற்றிமாவுக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லை, டொக்டர். இனி மீன் செத்தா அது என்னாலதான். வேலையால நிப்பாட்டுறதெண்டா என்னை நிப்பாட்டுங்கோ.”

தாரிணி டின்னைப் பார்த்தாள், பிறகு வளைந்து நின்ற மனிதரைப் பார்த்தாள்.

“முதுகு எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

“கனநாளா.”

“வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களாண்ணா? இனிமே மூட்டை எல்லாம் டிராலியிலதான் போகணும். நீங்க குனியவே கூடாது. பற்றிமா, என் கார் டிக்கியில இன்னொரு டின் கிடக்கு. எடுத்துட்டு வாங்க.”

போன பற்றிமா, டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“மாதாவே, கை வேகுது! இதை எப்ப காருக்குள்ள வைச்சனீங்கள்?”

“போன வாரம்.”

கணேசலிங்கம் தலையில் கை வைத்தார். “டொக்டர், அப்ப இதுவும் செத்துப்போச்சே!”

“செத்ததுதாண்ணா! ஃபேக்டரியிலேயே சூடு பண்ணிக் கொன்னுட்டுத்தான் டின்ல அடைக்கிறாங்க. செத்த பாக்டீரியா உள்ள போனாலே மீன் உடம்பு உஷாராயிடும். ஃபிரிட்ஜுல நான் வச்சது எலி தின்னுடக் கூடாதுன்னு. அந்த டின்ல உயிரோட இருந்தது நீங்க ஊத்தின தயிர் மட்டும்தான்!”

மத்தியானம் பற்றிமா வெறும் சோற்றைப் பிசைந்தாள். கணேசலிங்கம் அவளுக்குத் தரவேண்டிய ஒரு போத்தல் தயிர் இன்னும் கடன்.