வெளியே போகச் சொல்லும் கடிதம்

"இன்னும் கொஞ்சம் கேவலமா எழுதுடா. இதைப் படிச்சா யாருக்கும் என்னை வெளிய தள்ளணும்னு தோணாது" என்றான் அல்தூம்.

பாபிகிர் பேனாவை மேசையில் வைத்தான். "மூணு மாசமா என் சோபாவுல படுத்திருக்கவன் நீ. கேவலமா எழுதுன்னா உடனே கை வருமா?"

"வரவழை. நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்தம்மாவைப் பார்க்கணும். கடிதம் இல்லேன்னா என் பேரை அடிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

சூடானின் டார்ஃபூரில் நடந்த சண்டையில் அல்தூமின் வீடு எரிந்ததை பிரிட்டன் அரசு ஏழு மாதத்தில் நம்பிவிட்டது. அகதி என்று ஏற்றுக்கொண்ட கையோடு, அதுவரை தங்கவைத்திருந்த விடுதி அறையை இருபத்தெட்டு நாளில் காலி செய்யச் சொன்னது. அகதியாகிவிட்டவன் இனி தானே வீடு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? பார்த்தான். கிடைக்கவில்லை. தன் ஊர்க்காரனான பாபிகிரின் வீட்டுக்கு "ரெண்டே ராத்திரி" என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

வீடு எரிந்ததை நம்பிய நாட்டில், வீடு இல்லை என்பதை நம்பவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. போன தடவை பாபிகிர், 'இவர் என் சகோதரர் போன்றவர், இடம்தான் சிறியது' என்று எழுதிக் கொடுத்திருந்தான். நகர கவுன்சிலின் வீட்டு உதவி அதிகாரி ஹெதர் அதைத் திருப்பித் தந்துவிட்டார். சகோதரன் வீட்டில் இருப்பவர் எப்படி வீடில்லாதவர் ஆவார்? வைத்திருப்பவர் வெளியே போகச் சொல்ல வேண்டும். அதற்குக் காரணமும் தேதியும் எழுதி, கீழே கையெழுத்தும் போட வேண்டும்.

இதைப் போய் ஒரு சூடான்காரனிடம் கேட்டார்கள். வந்தவனிடம் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டவன் வீட்டுக்கு அங்கே துக்கம் விசாரிக்கக்கூட யாரும் போக மாட்டார்கள். மூன்று மாதம் ஆகியும், அல்தூம் தன் தட்டைக் கழுவ எழுந்தால் பாபிகிர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வான்.

"குளிக்கவே மாட்டான்னு எழுது" என்று எடுத்துக் கொடுத்தான் அல்தூம்.

"நீ குளிப்ப. முக்கால் மணி நேரம். அப்புறம் எனக்குத்தான் சுடுதண்ணி இருக்காது."

அல்தூம் கைதட்டிச் சிரித்தான். "இதை எழுது. நிஜம் மாதிரியே இருக்கு."

பாபிகிர் எழுதினான்.

"அப்புறம்?"

"நான் கிடங்குல ராத்திரி வேலை முடிச்சு வந்து காலையிலதான் தூங்குவேன். நீ ஒன்பது மணிக்கு உங்க சித்தப்பாவுக்கு போன் போடுவ. அவருக்குக் காது கேக்காது. தெருவுக்கே கேக்கும்."

"பிரமாதம்."

"என் செருப்பைப் போட்டுட்டுப் போயிடுவ. நான் ஷூ மாட்டிட்டுக் குப்பை கொட்டப் போவேன்."

"உனக்கு இவ்ளோ எழுத வரும்னு தெரியாதேடா."

"என் பொண்டாட்டி ஊர்லேர்ந்து வாரத்துக்கு ஒரு நாள்தான் பேசுவா. நீ நடுவுல வந்து உக்காந்து, வெண்டைக்காய்க் குழம்புக்கு என்ன போடணும்னு அவகிட்ட கேட்ட. நாப்பது நிமிஷம்."

"அவங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. சரி, அதையும் போடு."

பேனா நிற்கவில்லை. பாபிகிர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினான்.

"போதும்டா. அந்தம்மா போலீஸைக் கூப்பிட்டுடப் போறாங்க. தேதி போடு. நாளைக்கேன்னு போடு, அப்பதான் அவசரம்னு புரியும்."

பாபிகிர் போட்டான்.

"கூப்பிட்டு விசாரிச்சாங்கன்னா மசிஞ்சிடாத. உனக்கு இரக்கம் ஜாஸ்தி. அவன் என் தம்பி, பாவம்னு அழுதுடுவ. எல்லாம் கெட்டுடும்."

"அழ மாட்டேன்" என்றான் பாபிகிர்.

மறுநாள் காலை பாபிகிர் வேலையிலிருந்து திரும்பும் முன்பே அல்தூம் கிளம்பிவிட்டான். நூலகத்தில் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பதினோரு மணிக்கு ஹெதர் எதிரில் உட்கார்ந்தான்.

அவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். வெண்டைக்காய் வந்த இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"இந்த மாதிரி எழுதினா எங்களுக்கும் சுலபம். எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதுட்டே எழுதிக் குடுப்பாங்க, ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பிறகு கணினியில் எதையோ தட்டினார். "உங்களை வீடில்லாதவர்னு பதிவு பண்ணிட்டேன். வாழ்த்துகள்."

அகதி என்று கடிதம் வந்த நாளில்கூட அல்தூமுக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. "ரொம்ப நன்றி மேடம். அறை எப்ப கிடைக்கும்?"

"தனி ஆள், வயசு கம்மி, நோயும் இல்ல. ஆறு வாரம் ஆகும்."

"பரவாயில்ல மேடம்." முகத்தைக் கஷ்டப்பட்டு சோகமாக வைத்துக்கொண்டான். "அதுவரைக்கும் அவன் காலுல விழுந்தாவது ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

ஹெதர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் காலையிலயே இங்க வந்துட்டுப் போயிட்டார், மிஸ்டர் அல்தூம். உங்க பெட்டி கீழ வரவேற்புல இருக்கு. மூணு மாசமா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சாராம். நாங்க எழுதித் தரச் சொன்னதுக்கு ரொம்ப நன்றின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார்."