வாயில் காத்தவன்

சுவரில் மாட்டிய பெரிய திரையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நண்பகலில் அத்தனையும் சிவப்பு.

ஒவ்வொரு வரியும் அந்த அரசு அலுவலகத்துக்கு வந்த ஒரு மின்னஞ்சல். ஏற்கப்பட்டால் பச்சை, வாசலிலேயே திருப்பப்பட்டால் சிவப்பு. அஞ்சல் சர்வர் தனக்குள் நொடிதோறும் எழுதிக்கொள்ளும் குறிப்பை இப்படி எல்லாரும் காண ஓடவிட்டவன் மாயவன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து கள்ளக்குறிச்சியில் கணினிப் பணி பார்ப்பவன்.

தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள், காலையில் சாலையை மறித்ததோடு நில்லாமல் அலுவலக முகவரிக்கும் மனுமாரி பொழிந்திருந்தார்கள். அந்தாதிபோல் ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்கியது. பெட்டி நிரம்பி வழியும் நிலைக்கு வந்தபோது, அதிகாரி அரங்கநாதன் மாயவனை அழைத்து எதையேனும் செய்து நிறுத்தச் சொன்னார்.

மாயவன் ஒரே ஒரு கட்டளை எழுதினான். பொருள் வரியில் இடஒதுக்கீடு என்னும் சொல் இருந்தால் வாசலிலேயே திருப்பு.

திருப்பியதில் ஓர் எழுத்தும் உள்ளே தங்காது என்று அவன் விளக்கினான். அனுப்பியவர் பெயரும் பொருளும் மட்டும் திரையில் தோன்றி நகரும். அடியாருக்காக நந்தி விலகியதுண்டு, இது விலகாது.

அரங்கநாதன் அவன் முதுகில் தட்டினார்.

அவருக்குத் தெரியாத கவலை ஒன்று மாயவனுக்கு இருந்தது. அவன் தங்கை சந்திரலேகாவின் செவிலியர் பயிற்சி விண்ணப்பமும் இதே முகவரிக்குத்தான் வரவேண்டும். தொற்றுக்காலம் ஆதலால் நேரில் வாங்குவதில்லை, மின்னஞ்சல் மட்டுமே. அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அவளுடைய சாதிச் சான்றிதழோ அன்று பிற்பகல்தான் கைக்கு வரும் என்றிருந்தார்கள். இந்த ஆண்டு தவறினால் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். மாமன் மகன் ஒருவன் அதற்கென்றே காத்திருந்தான்.

விடியற்காலையிலேயே அவளுக்குத் தொலைபேசியில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தான். எதை இணைப்பது, யாருக்கு எழுதுவது, எப்படித் தொடங்குவது.

உணவு வேளைக்குப் பின் திரை நிறம் மாறத் தொடங்கியது. ஒரு பச்சை, பிறகு நான்கு, பிறகு வயலில் நாற்றுப் பிடித்ததுபோல் முழுப்பச்சை. பொருள் வரிகளெல்லாம் ஒன்றுபோல் இருந்தன: பொங்கல் நல்வாழ்த்து.

தை பிறக்கச் சில நாள்களே இருந்தன.

மாயவன் ஒன்றைத் திறந்து பார்த்தான். மேலே கரும்பும் பானையும். கீழே, காலையில் வந்த அதே மனு, ஓர் எழுத்தும் மாறாமல்.

அவர்கள் போராடிப் பழகியவர்கள். தடுப்பைக் கண்டால் சுற்றுவழி அவர்களுக்குத் தானே தெரிந்துவிடும்.

அதற்குள் அரங்கநாதன் திரையின்முன் வந்து நின்றுவிட்டார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மலர்ந்திருந்தன.

"பாத்தியா மாயவா? கதவச் சாத்துனாத்தான் மனுசனுக்கு மரியாத வருது."

அவ்வளவு மகிழ்ச்சியைக் கலைப்பது முறையன்று என்று மாயவன் வாளாவிருந்தான். பெட்டியில் இன்னும் இடம் இருந்தது. தங்கையின் விண்ணப்பம் வந்து அமர அது போதும்.

கெடு நெருங்கும் வேளையில் அவள் அழைத்தாள். வெள்ளிமலைக்கு அப்பால் அவர்கள் ஊரில் பாறை ஏறினால்தான் சிக்னல். காற்று இரைந்தது.

"அண்ணா, ஏறிக்கினே பேசறேன். சான்றிதழ் வந்துடுச்சி. இதோ அனுப்பிடறேன். போன்ல சார்ஜ் இல்ல, அனுப்புன ஒடனே அணைஞ்சிடும். அதனால இன்னா, நீதான் அங்க குந்திக்கினு பாக்கற இல்ல?"

பார்க்கிறேன் என்றான். இவ்வளவு அருகிலிருந்து எவரும் ஒரு விண்ணப்பம் வந்து சேர்வதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னான். அவள் சிரித்தது பாதியில் அறுந்தது.

அவன் எழுந்துபோய்த் திரைக்கு மிக அருகில் நின்றான். சன்னிதியில் திரை விலகுமுன் நிற்பவனைப்போல் கைகள் தாமே சேர்ந்திருந்தன.

பச்சை. பச்சை. பச்சை.

பிறகு அவள் வந்தாள்.

அனுப்புநர்: மா. சந்திரலேகா. பொருள்: பழங்குடியினர் இடஒதுக்கீடு, செவிலியர் பயிற்சிக்கான விண்ணப்பம்.

அதிகாரிகள் பொருளை மட்டும்தான் படிப்பார்கள், அதைச் சுற்றி வளைக்காமல் எழுது என்று விடியற்காலையில் சொல்சொல்லாகச் சொல்லி எழுதவைத்தவன் அவனே.

மாயவன் கட்டளையை அழித்தான். அவளை அழைத்தான். அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் பணிவோடு சொன்னது. மீண்டும் அழைத்தான். அதே பணிவு.

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது.

அரங்கநாதன் தேநீர்க் குவளையோடு அருகில் வந்தார். பசுமைக்கு நடுவே கிடந்த அந்த ஒற்றை வரியை நோக்கிக் குவளையை நீட்டினார்.

"எல்லாம் பச்சையா போய்க்கினு இருக்குது. நடுவுல அது ஒண்ணு மட்டும் இன்னாப்பா செவப்பு?"

புதிய வாழ்த்துகள் வந்து, அந்த வரியை ஒவ்வொரு படியாக மேலே தள்ளிக்கொண்டிருந்தன.

"நீங்க நிறுத்தச் சொன்னதுங்க ஐயா," என்றான் மாயவன். "அது ஒண்ணுதான் நின்னுச்சிங்க."