உருளைகளின் மேல் நூறு

நீண்ட சாலைகளுக்கென்றே வடிவமைத்த வண்டி அது. நீர்த்துளி போன்ற டேங்க், தாழ்ந்த இருக்கை, காலை முன்னால் நீட்டிச் சாய்ந்துகொள்ள வாகாக அகன்ற ஹேண்டில்பார். அதைக் கம்பெனியின் சோதனை அறைக்குள் காலையிலிருந்து இருதயராஜ் ஓட்டிக்கொண்டிருந்தான். சக்கரங்களுக்கடியில் இரும்பு உருளைகள் சுழன்றன. நான்கு பெல்ட்டுகள் வண்டியை நகரவிடாமல் தரையோடு இழுத்துக் கட்டியிருந்தன. நூறு கிலோமீட்டர் வேகம், ஆறு மணி நேரம், நடுவில் நிறுத்தக் கூடாது. புழுக்கம் தாளாமல் எதிரே ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அங்கே அவன் மனைவி ஜெசிந்தா வந்து நின்றாள், கையில் சூட்கேஸோடு.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. ரெண்டு வார்த்தை பேசணும்."

"இன்னும் இருபதே நிமிஷம், ஜெசி. இப்ப நிறுத்துனா காலைலேர்ந்து ஓட்டுனதெல்லாம் வீண்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

அவள் அந்த பெல்ட்டுகளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, பஸ் நிறுத்தத்துக்குப் போகும் நேர்ச்சாலையில் நடக்கத் தொடங்கினாள். இருதயராஜுக்கு பிரேக்கைப் பிடிக்கத் தோன்றவில்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். முள் நூற்றிருபதுக்கு ஏறியது, சுவர்கள் அதிர்ந்தன. நடந்து போகிறவள் சிறுத்துக்கொண்டே போனாள். அவன் ஹாரனை விடாமல் அழுத்தினான். ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஏதோ வண்டி வருகிறதென்று சாலையின் ஓரமாக ஒதுங்கி, அதற்கு வழிவிட்டு நடந்தாள்.