ஆர்டிஸ் டீச்சருக்கு அறை இல்லை

"மோட்டலை மூடிட்டாங்களா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

ஆர்டிஸுக்குக் கோபம் கோபமாக வந்தது. டுலூத்திலிருந்து நான்கு மணி நேரம் வேன் ஓட்டி வந்திருந்தாள். வேன் நிறையத் துணிப் பெட்டிகள், போர்வைகள், இரண்டு தையல் மெஷின். ஊர் ஊராகப் போய் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கச் சொல்லிக் கொடுப்பது பதினெட்டு வருஷமாக அவள் பிழைப்பு. 'மோட்டலில் தனி அறை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எந்த ஊருக்கும் கிளம்புவாள்.

"ஏதோ ரிப்பேராம். வர்ற வழியில போர்டு இருட்டா கிடந்ததைப் பார்த்திருப்பீங்களே. என் வீட்டு மாடியில ரூம் இருக்கு. ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றாள் லவான்.

அந்தச் சின்ன மின்னசோட்டா ஊரின் தையல் சங்கத்தில், வருகிற டீச்சர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது லவானின் வேலை. எழுபது வயது. மன்னிப்புக் கேட்கிற முகமே இல்லை.

சங்கம் காசு மிச்சம் பிடிக்கிறது என்று ஆர்டிஸ் முடிவு கட்டினாள். வீடுகளில் தங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அலமாரியைத் திறந்து முப்பது போர்வையை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார்கள்.

லவான் எதையும் காட்டவில்லை. அதிகாரம்தான் பண்ணினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"கிளாஸ் முடிஞ்சு... அஞ்சரை இருக்கும்."

"அஞ்சரைன்னா அஞ்சரையா, ஆறா?"

"நான் என்ன ஸ்கூல் பொண்ணா?"

"உருளைக்கிழங்கை எப்ப அடுப்புல வைக்கிறதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் பதினாறு பெண்கள் நட்சத்திரம் தைத்தார்கள்.

"தையல் ஓரம் கால் அங்குலம்மா, கால் அங்குலம்! அளவு தப்பினா நட்சத்திரத்துக்கு மூக்கு உடைஞ்சிடும்" என்று ஆர்டிஸ் மேஜை மேஜையாக நடந்தாள்.

நாலரை மணிக்கு ஒவ்வொருத்தி போனாக அடிக்க ஆரம்பித்தது.

"வந்துட்டே இருக்கேன்... கெச்சப் ஃப்ரிட்ஜ் கதவுலதான் இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க!" என்று ஒருத்தி கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். "ரெண்டு நாள் நிம்மதியா விட மாட்டேங்கறாரே மனுஷன். நீங்க குடுத்து வெச்சவங்க டீச்சர்."

ஆர்டிஸும் சிரித்தாள். தன் போனை எடுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பனி விழலாம் என்று ஓர் எச்சரிக்கை. வேறு ஒன்றும் இல்லை.

கணவர் ரோலண்ட் இறந்து நான்கு வருஷம். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. மோட்டல் அறையும் கேட்காது. கேட்காத இடத்தில் தங்கிவிட்டால் அந்தக் கேள்வியும் ஞாபகம் வராது.

ஐந்து இருபத்தைந்துக்கு லவான் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினாள். எதற்கு அவ்வளவு வேகமாக ஓட்டி வந்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க" என்று அதற்கும் குறை சொன்னாள் லவான்.

சாப்பிட்டு முடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்க. உங்களுக்குன்னு என்ன தைக்கறீங்க?"

"கண்காட்சிக்கு ஒரு போர்வை, படம் மாதிரி. ஏரி. எங்க சமையலறை ஜன்னல்லேர்ந்து தெரியும். ரோலண்ட் அங்கதான் நின்னு என் வேன் வருதான்னு பார்ப்பார்."

"முடிச்சாச்சா?"

"நாலு வருஷமா தண்ணியே தைச்சுக்கிட்டிருக்கேன்."

லவான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தாள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து விடைபெறும்போது, லவான் ஒரு பொட்டலம் பிஸ்கட்டைக் கையில் திணித்தாள். "தூக்கம் வந்தா வண்டியை ஓரங்கட்டுங்க" என்றவள், வேன் கிளம்புவதற்கு முன்பே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பொம்பளை இது என்றிருந்தது ஆர்டிஸுக்கு.

ஊர் எல்லையில் பிரேக்கை மிதித்தாள்.

மோட்டல். முந்தாநாள் இருட்டாகக் கிடந்த போர்டு இப்போது சிவப்பாக எரிந்தது: 'அறை காலி'. வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. ஏணி இல்லை, சாரம் இல்லை, ஒரு பெயிண்ட் டப்பாகூட இல்லை.

விடுவிடென்று உள்ளே போனாள். கவுன்ட்டரில் உரிமையாளர் கர்ட்டிஸ் டிவியில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்பேர் எப்ப முடிஞ்சுது?"

"என்ன ரிப்பேர்?"

"ரெண்டு நாளா மூடியிருந்தீங்களே!"

"இருபது வருஷத்துல ஒரு நாள் மூடினதில்லையே." அவளைப் பார்த்தார். வெளியே நின்ற வேனைப் பார்த்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார். "ஓ... போர்வை டீச்சரா?"

"அப்ப என்னை ஏமாத்தியிருக்காங்க! உங்க ஊர் சங்கத்துக்கு வெக்கமா இல்ல?"

"சங்கத்துக்கு ஒண்ணும் தெரியாதும்மா. டீச்சர் வர்ற அன்னிக்கு லவான் எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் போர்டு விளக்கை அணைச்சிடுவேன். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அவங்க வீட்டுக்காரர் டுவைன் போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. வருஷத்துக்கு நாலு டீச்சர் வர்றாங்க. அந்த நாலு தடவைதான் அந்த வீட்டுல சமையல் நடக்குது. மத்த நாளெல்லாம் டப்பா சூப்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க புகார் பண்றதா இருந்தா என் பேரைச் சொல்லுங்க. அவங்க பேரை விட்டுடுங்க."

ஆர்டிஸ் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தபடி நின்றாள்.

"ஏப்ரல்ல மறுபடி கிளாஸ் எடுக்க வர்றேன்" என்றாள்.

கர்ட்டிஸ் அவசரமாகப் பேனாவை எடுத்தார். "நல்ல ரூமா இப்பவே எழுதி வெச்சிடறேன். இந்தத் தடவை தப்பு நடக்காது."

"ரூம் வேண்டாம்" என்றாள் ஆர்டிஸ். "அன்னிக்கும் அந்த விளக்கை மறக்காம அணைச்சிடுங்க."