சவாரித் திடலில் புதுக் கமரா

நீர்வேலி மாட்டுவண்டிச் சவாரித் திடலில் மத்தியான வெயில் புழுதியோடு சேர்ந்து எரிகிறது. தடத்தின் ஓரக் கயிற்றுக்கு உள்ளே நின்று, படம் பிடிக்கும் பஞ்சலிங்கம் புதுக் கமராவை வயிற்றோடு அணைத்து, குனிந்து அதன் மேற்கண்ணாடியைப் பார்க்கிறார். போன கிழமை வரை அவரிடம் இருந்தது கண்ணோடு ஒட்டி நேரே பார்க்கும் மடிப்புக் கமரா. அதைக் கொடுத்துவிட்டுத்தான் இந்த இரட்டைக்கண் கமராவை வாங்கினார். “உதுக்குள்ளை இடம் வலமாய்த்தானே தெரியும், அண்ணை,” என்கிறான் கயிற்றுக்கு வெளியே நிற்கும் சீவரத்தினம். “அது எனக்குத் தெரியாதோ?” என்கிறார் அவர், தலை நிமிராமல்.

இரண்டு வண்டிகள் ஒன்றாகப் புறப்படுகின்றன. ஆணி வைத்த துவரங்கம்பு காளைகளின் பின்தொடையில் குத்திக் குத்தி இறங்குகிறது. முன்னுக்கு வரும் வண்டிக்காரன் குனிந்து மாட்டின் வாலைப் பல்லால் கடிக்கிறான். வெள்ளைத் தோலில் வழியும் இரத்தம் புழுதி பட்டுக் கறுக்கிறது. “அடியடா, அடி,” என்று சனம் தொண்டை கிழியக் கத்துகிறது. கண்ணாடிக்குள் இவ்வளவும் உள்ளங்கைக்குள் அடங்குகிற அழகான படம். பஞ்சலிங்கம் குமிழைத் திருகுகிறார். மங்கலாய் இருந்த கொம்புகள் கூராகின்றன. கூரான கொம்புகள் தடம் விலகி, கண்ணாடியின் வலப்பக்கத்தால் பெருத்து வருகின்றன. அவர் இடப்பக்கம் பாய்கிறார். வண்டியின் இரும்புப் பட்டம் போட்ட சில்லு அவர் தொடையில் ஏறுகையில் காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம் கேட்கிறது.

வண்டி நிற்காமல் போகிறது. சீவரத்தினம் புழுதிக்குள் முழந்தாளிடுகிறான். உடைந்த எலும்பு வேட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கிறது. கமரா மட்டும் அவர் கையில் கீறல் இல்லாமல் இருக்கிறது.

“வண்டி எந்தப் பக்கத்தாலை வந்தது?” என்று பஞ்சலிங்கம் கேட்கிறார்.

“நீங்கள் பாய்ஞ்ச பக்கத்தாலை, அண்ணை.”